ஐப்பசியில் பார்த்த ஊர்

ஒரு ஊருக்குப் பெண் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்வதில் எங்கள் சனத்தில் என்னை மிஞ்சியவர்கள் யாரும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் சம்பந்தம் பேசுகிற குடும்பங்கள் வண்டி கட்டி வந்து என்னை அழைத்துப்போவார்கள். மாப்பிள்ளையைப் பார்க்க மாமன், மச்சான், பங்காளி என்று பத்துப் பேர் இருப்பார்கள். நான் பார்த்தது ஊரை. கடை சாத்திக் கிடந்தால், ரயிலும் பஸ்ஸும் வராமல் போனால், மழை ஒரு வருஷம் ஏமாற்றிவிட்டால், இந்த ஊர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இதை நான் எங்கும் படிக்கவில்லை. ஏமாந்து கற்றுக்கொண்டேன்.

என் கல்யாணம் தை மாதத்தில் பேசி முடித்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவது தையில்தான். அறுவடை முடிந்த சமயம். களத்தில் நெல் கிடக்கும், மாடு மினுமினுக்கும், எல்லோர் முகத்திலும் எண்ணெய் வழியும். வீட்டின் வசதியை வைக்கோல் போரை வைத்து அளப்பார்கள். போர் உயரமாக இருந்தால் நிலம் அதிகம், மாடு அதிகம், சோற்றுக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். அப்பாவும் மாமாவும் போனார்கள், கூரையைவிட உயரமான போரைப் பார்த்தார்கள், வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள், தாம்பூலம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தப் போரில் முக்கால்வாசி பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதும், வாசலில் கட்டியிருந்த ஜோடி மாடு பங்காளி வீட்டிலிருந்து ஓட்டி வந்தது என்பதும் நான் வாழப்போன பிறகுதான் தெரிந்தது. ஆடி மாதம் அந்த வீட்டில், வரப்பில் தானாய் முளைக்கிற பண்ணைக்கீரையை வேகவைத்து உப்புப் போட்டுத் தின்றேன். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஆனால் தங்கத்தைக் களி கிண்டித் தின்ன முடியாது அல்லவா?

நான் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடவில்லை. அந்த நாளில் எங்கள் பக்கம் முழுக்க மல்லாட்டைப் பைத்தியம்; வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆடியில் விதைத்து, மார்கழியில் பிடுங்கி, மண்டிக்கு வண்டி கட்டிப்போய்க் காசாக்கி, அந்தக் காசில் வருஷம் முழுக்க அரிசி வாங்கித் தின்பது என்று ஊரே பழகிக் கிடந்தது. காசு ஆடிக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். கிணற்றடித் துண்டு நிலத்தில் இனிமேல் கேப்பைதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "கூழு மேல அவ்ளோ ஆசையா?" என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். மல்லாட்டை விலை விழுந்த வருஷம் அதே பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள். கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

இப்படி என் அடுப்பு ஒரு வழியாக நிமிர்ந்த நேரத்தில்தான் தங்கைக்கு வரன் வந்தது.

அம்மா போனபோது தங்கை கைக்குழந்தை. என் இடுப்பில்தான் வளர்ந்தாள். அப்பாவின் ஊர் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில், மேட்டுப்பாங்கான இடம். சித்திரையில் கிணற்றுக்குள் இறங்கி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் வழித்துக் குடத்தில் ஊற்றுவோம். அப்படிப்பட்ட ஊரிலும் பின்கட்டில் கத்திரிச் செடி வைத்துக் காய் பறித்தவள் நான். கல்யாணமாகிப் போகும்போது அந்தச் செடிகளையும் தங்கையையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போனேன். நான் தின்ற பண்ணைக்கீரையை அவள் தின்னக்கூடாது. அதில் நான் ஒரே முடிவாக இருந்தேன்.

வரன் மண்டகப்பட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஏரிக்கரை ஊர். தகப்பன் இல்லாத பிள்ளை; தாய்தான் நின்று பயிர்வேலை பார்க்கிறாள். பிள்ளை வீட்டிலிருந்தே பேச்சு அனுப்பியிருந்தார்கள். புரட்டாசியில் அப்பா இதை என்னிடம் வந்து சொன்னார்.

"தை பொறக்கட்டும், போயி வூட்டப் பாத்துட்டு வர்றோம்" என்றார்.

"தையில எந்த ஊருப்பா நல்லா இல்ல? அந்த மாசத்துல தெருநாய்க்குக்கூட வயிறு நெறஞ்சிருக்கும். ஐப்பசியில போயி பாருங்க."

"சொல்லாம கொள்ளாம அடைமழையில ஒருத்தர் வூட்டுல போயி நிக்கச் சொல்றியா? நம்ம மரியாத இன்னாவறது?"

"தையில மரியாதையா போயிதான என்னைத் தள்ளிட்டு வந்தீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பேசவில்லை என்றால் அது முடிந்துபோன விஷயம். எனக்கு மட்டும் அது முடிந்துபோகவில்லை.

ஐப்பசி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய தானியம் அடி தட்டும் மாதம் அது. புதியது இன்னும் பச்சையாக வயலில் நிற்கும். விறகு நனைந்திருக்கும், பாதை அறுந்திருக்கும், கூரை எங்கே ஒழுகும் என்பதை யாரும் மறைக்க முடியாது. ஐப்பசியில் புகையாமல் அடுப்பு எரிகிற வீட்டில் மற்ற மாதங்களைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம். இரவல் போர் வாங்கலாம், இரவல் மாடு கட்டலாம். காய்ந்த வறட்டியை ஐப்பசியில் எவன் இரவல் கொடுப்பான்?

கறவை மாடு வாங்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவுக்குத் தெரியாது. திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது நின்று மூச்சு வாங்கி, விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து செஞ்சி பஸ். மண்டகப்பட்டுக் குகைக்கோயில் பாறையைத் தாண்டி இறங்கி, வரப்பில் நடந்தோம். வழியில் ஒரு ஓடை. முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்தேன்.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? உங்கப்பாதான் தையில போறாரே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க வூட்ட தையில பாத்தவருதான அவரு?"

பாவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஊரில் மாடு விற்பவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே போய், நான் பார்க்க வேண்டிய வீட்டு வாசலிலேயே நின்றேன். நெட்டையான ஒரு அம்மாள் வெளியே வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நடை மட்டும் நரைக்கவில்லை. பிள்ளையின் தாய் இவள்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பொய் இல்லை, என் பிறந்த ஊரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மாடு இருக்குது. கொட்டாயில நிக்குது, போயி பாரு கண்ணு" என்றாள்.

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் போர். நான் அதைச் சுற்றி வந்தேன். வெளியே பழுப்பு; அடியில் கையை விட்டு இழுத்தால் அதற்கும் முந்தின வருஷத்து வைக்கோல், கருத்து, ஆனால் உளுத்துப்போகாமல் வந்தது. ஐப்பசியில் கூரை உயரத்துக்குப் போர், அதுவும் சொந்தப் போர்! அப்போதே மனதுக்குள் பாதிச் சம்மதம் வந்துவிட்டது. மீதிப் பாதி வருவதற்குள் வானம் இடித்துக்கொண்டு கொட்டியது.

சாயங்காலத்துக்குள் ஓடை கழுத்தளவு ஆகிவிட்டது. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற கலங்கலில் வழிகிற சத்தம் வீடு வரை கேட்டது. "ஓடை வடியற வரைக்கும் ஒரு பக்கமும் போவ முடியாது. இங்கியே இருங்க" என்றாள் அந்த அம்மாள். வேவு பார்க்க வந்தவளுக்கு வேறு என்ன வேண்டும்? மேலுக்கு முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

மழை விடாமல் பெய்த அந்த நாட்களில் அந்த வீட்டை நான் பார்த்த மாதிரி தாசில்தார்கூட வந்து பார்த்திருக்க மாட்டார். தீக்குச்சி செலவே இல்லை. அடுப்புச் சாம்பலுக்கு அடியில் கங்கு எப்போதும் உயிரோடு கிடந்தது. வறட்டி தாழ்வாரத்தில் பனை ஓலை போர்த்தி அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், ஓடு போல ஒலித்தது. பெரிய மண் குதிரில் கேப்பை. நடுத்தரக் குதிரில் கம்பு. மரக்காணத்து உப்பு ஒரு சால் பானை நிறைய. புளி போன வருஷத்தது, உப்புப் போட்டு மிதித்துப் பானையில் வாய்கட்டி வைத்தது. அடுப்புக்கு மேலே சுரைக்குடுக்கைகள் வரிசையாகத் தொங்கின; அதற்குள் விதைகள். புகை பட்டால் விதையில் பூச்சி விழாது. சொந்த மல்லாட்டையைச் செக்கில் ஆட்டிய எண்ணெய், விளக்குக்கும் அதுவே. மண்ணெண்ணெய் வாடையே இல்லை.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். ஒரு குறை கூடவா இருக்காது? கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். தலைவலி, சுக்கு இருக்கிறதா என்றேன், இருந்தது. வயிறு சரியில்லை, ஓமம் உண்டா என்றேன், உண்டு. கருவாடு? பானையைத் திறந்ததும் மணம் தூக்கியது. கடைசியில் காப்பித்தூள் கேட்டேன். "அது மட்டும் இல்லியே, கண்ணு" என்றாள் அந்த அம்மாள். ஒன்று மாட்டியதே என்று நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் கொத்தமல்லி வறுத்துப் பொடித்த காப்பியைப் பனைவெல்லம் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீ மாடு புடிக்க வந்தியா, மளிகைக்கடை வெக்க வந்தியா?" என்று வீட்டுக்காரர் என் காதருகில் முணுமுணுத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு வீட்டின் சாமர்த்தியம். ஒரு வீடு நிறைந்திருப்பதால் ஊர் நிறைந்ததாக ஆகாது. சுற்றிலும் பசித்த ஊர் இருந்தால் நிறைந்த குதிருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு பயந்து சாக வேண்டியதுதான். தங்கையை நான் ஒரு குதிருக்குக் கட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஊர் எப்படி? அது எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதுவும் ஒரு காலையில் தெரிந்தது. தெருவில் பறையடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள்: "ஏரிக்கரை கசியுது! வூட்டுக்கு ஒரு ஆளு, ஒரு கட்டு வைக்கல்! ஜல்தி வாங்க!" வீட்டுக்கு ஓர் ஆள் போய்க் கரையைப் பார்த்துக்கொள்வது ஏரிப் பாசன ஊர்களில் காலகாலமான வழக்கம். வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கும், ஆள்தான் வராது. நான் மழையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளிப்புறத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு பொத்தல். அதிலிருந்து கலங்கலான தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கரை போனால் கீழே வயலெல்லாம் மணல், தெருவெல்லாம் ஆறு.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வைக்கோலையும் பனை ஓலையையும் மண்ணோடு சேர்த்துச் சுருட்டி அடைத்தார்கள். தண்ணீர் தின்றுவிட்டது. இன்னும், இன்னும் என்று கத்தினார்கள். கரைக்குக் கிட்டத்தில் இருந்த பெரிய போர் ஒன்றுதான், அந்த அம்மாளுடையது. அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். அவன் கழுத்து வரை சேறாக நின்றுகொண்டிருந்தான்.

"போரப் பிரிடா" என்றாள்.

"மாட்டுக்கு, ம்மா?"

"மாட்டுக்கு நாளிக்கி பாத்துக்கலாம். ஏரி இன்னிக்கிப் பூடும்."

அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். போரின் மேல் ஏறி உச்சியைத் தள்ளினான். நான் அங்கே விருந்தாளி, வேவுகாரி, எல்லாவற்றையும் மறந்துவிட்டு வைக்கோலைக் கட்டித் தலையில் தூக்கினேன். வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கிப் பொத்தலுக்கு முதுகு கொடுத்து நின்றார். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும். உழவு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கும் தெருவிலிருந்து ஆண்களும் பெண்களும் தங்கள் குடிசைக் கூரையிலிருந்தே ஓலையை உருவிக்கொண்டு வந்தார்கள். அந்த ஏரிக்குக் கீழே அவர்களுக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. மழை அவர்கள் அடுப்பிலேயே பெய்துகொண்டிருந்தது.

மதியம் சாய்வதற்குள் கசிவு நின்றது. போர் இருந்த இடத்தில் நனைந்த தரையும், அடியில் ஒரு கைப்பிடி கருத்த வைக்கோலும் மட்டும் கிடந்தன. கரை நின்றுவிட்டது.

எல்லோரும் கைதட்டிச் சந்தோஷப்பட்ட நேரத்தில் எனக்கு ஒரு கேள்விதான். உருவிய கூரைக்கு யார் ஓலை போடுவார்கள்? அதைப் பார்க்காமல் நான் இந்த ஊருக்குப் பெண் கொடுக்கச் சொல்ல மாட்டேன். நனைந்த தலையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாள் தாழ்வாரத்து வறட்டிமேல் போர்த்தியிருந்த ஓலையை எல்லாம் இறக்கச் சொன்னாள். இன்னும் மூன்று நான்கு வீடுகளிலிருந்தும் ஓலை வந்தது. வண்டியில் ஏற்றி, மழை முழுதாக விடுவதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு அனுப்பினார்கள். வறட்டியைச் சமையல்கட்டுக்குள் அடுக்க நானும் கைகொடுத்தேன். அடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். தங்கை இந்த ஊருக்கு வரலாம்.

ஓடை வடிந்த காலையில் கிளம்பினோம். அந்த அம்மாள் ஒரு சுரைக்குடுக்கை நிறைய கேப்பை விதையைக் கையில் கொடுத்தாள். மாடு விலை படியவில்லை, அப்புறம் வருகிறோம் என்று நான் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மாட்டப் பாத்தியா நீ?" என்றாள்.

"பாத்தேனே."

"மாடு புடிக்க வந்தவ மடியத் தொடல, பல்லப் பாக்கல. எங்க அடுப்பயும் குதிரயும் பாத்துக்கினு இருந்த. எத்தினி ஈத்துன்னுகூட ஒரு வார்த்த கேக்கல." அவள் சிரிக்கவில்லை. "உங்க ஊருக்குத்தான் அவரு மூத்த பொண்ணக் குடுத்திருக்காருன்னு எனக்குத் தெரியும். உன் தங்கச்சிக்குத்தான பாக்க வந்த?"

என் வீட்டுக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஆமாம்மா. பாக்கத்தான் வந்தேன். பொண்ணு குடுக்கறவங்க பாக்க வேணாமா?"

"பாக்கணும். நானும் பாத்தேன்" என்றாள். "சித்திரையில மயிலத்துக்கு வேண்டுதல்னு வந்து, வழி தப்பிட்டேன்னு உங்கப்பாரு வூட்டு வாசல்ல போயி நின்னேன். ஊரு எனக்குப் புடிக்கல. தண்ணி இல்லாத ஊரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறந்த ஊரை நான் ஆயிரம் சொல்வேன், அடுத்தவர் சொல்லக்கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன் தங்கச்சிதான் இருந்துச்சி. தண்ணி கேட்டேன். ஒரு சொம்பு கொண்டாந்து குடுத்துச்சி. வெயில்ல வந்தனா, வாயக் கொப்புளிக்கப் போனேன். 'பெரீம்மா, அங்க துப்பாதீங்க, இந்தக் கத்திரிச் செடி மேல துப்புங்க'ன்னு கையப் புடிச்சி இட்டுக்கினு போச்சி. முன்னப்பின்ன தெரியாத ஆளு நான். இல்லாத தண்ணியில எனக்கும் குடுத்து, செடிக்கும் குடுத்துச்சி பாரு, அதுக்கு அப்புறந்தான் உங்கப்பாருக்குப் பேச்சு அனுப்புனேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கத்திரிச் செடிகளை வைத்தவள் நான். கை கழுவிய தண்ணீரானாலும் வாய் கொப்புளித்த தண்ணீரானாலும் செடிக்குத்தான் என்று தங்கை தத்தி நடந்த வயதிலேயே அடித்துப் பழக்கியவள் நான். அதை அந்த அம்மாளிடம் சொல்லாமல் வர என்னால் முடியுமா? சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தை பிறந்தது. அப்பாவும் மாமாவும் முறைப்படி தேங்காய் பழத்தோடு வீடு பார்க்கப் போனார்கள். நான் பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"வேணாம், வுட்டுரு. அந்த வூட்டுக்கு என் பொண்ணு கெடையாது."

"இன்னாப்பா ஆச்சி?"

"போரே இல்ல! களத்துல ஒரு கைப்புடி வைக்கல் கெடக்குது. மாடு பனங்குருத்தத் தின்னுக்கினு நிக்குது. தை மாசத்துல மாட்டுக்கு வைக்கல் இல்லாத வூட்டுல என் பொண்ணுக்குச் சோறு இருக்குமா? ஏமாந்தது ஒரு வாட்டி போதும்."

ஏரிப்பாசன வயல்; அங்கே அறுப்பு மாசியில்தான். புதுப் போர் போட இன்னும் நாள் இருந்தது. இது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் என் கல்யாணத்தில் போரைப் பார்த்து ஏமாந்த மனிதர், இந்தத் தடவை போர் இல்லாததைப் பார்த்துப் பயந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள். அவள் விரல் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"போரு இருந்திச்சிப்பா. நான் பாத்தேன்."

"நீயா? நீ எப்ப பாத்த?"

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மாடு வாங்கப் போன கதையைக் கேட்டதும் அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மாமா இடையில் புகுந்தார். "அடிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டு அடிங்க" என்றேன். ஏரி கசிந்ததைச் சொன்னேன். கூரையை உருவியவர்களைச் சொன்னேன். அந்த அம்மாள் பிள்ளையிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்.

"போரு எங்க போச்சுன்னு நீங்க கேட்டீங்களாப்பா? கேக்கல. கேட்டிருந்தாலும் அந்தம்மா சொல்லியிருக்காது. அந்தப் போரு ஏரிக்கரைக்குள்ள கெடக்குது. அந்த ஊரு தண்ணி முழுக்க அது மேலதான் சாஞ்சிக்கினு நிக்குது."

அப்பா உட்கார்ந்துவிட்டார். மேட்டு நிலத்துக்காரர். ஏரி என்றால் என்ன, தண்ணீர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கரை நின்னுச்சா?"

"நின்னுச்சிப்பா."

மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "மாசியில நல்ல நாளு எதுன்னு கேட்டுட்டு வா" என்றார்.

அன்றைக்குப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது தங்கை மெல்லக் கேட்டாள். "அக்கா, அந்த ஊர்ல நெசமாவே எறங்கிக் குளிக்கற அளவுக்குத் தண்ணி இருக்குதா?" மாப்பிள்ளை எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. இருக்கிறது என்றேன். கழுவிய தண்ணீரைக் கத்திரிச் செடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னைத் தேடி வண்டிகள் வர ஆரம்பித்தன. அப்பாவும் யாராவது யோசனை கேட்டால், "போரப் பாக்காத, போரு எங்க போச்சின்னு பாரு" என்று பெரிய மனிதர் தோரணையில் சொல்லுவார். அது என் பேச்சு. தன் பேச்சாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். போகட்டும், அப்பாதானே.

அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. கையில் காசு இருந்தும் கடையில் அரிசி இல்லை. மல்லாட்டை விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக் கடைத்தெருவில் வெறுங்கையோடு சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மழையும் இல்லை. அப்பாவின் ஊரில் கிணறுகள் பாறை காட்டின. என் குதிரில் இருந்ததை அப்பாவுக்கும் கொடுத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அது அடி தட்டிக்கொண்டு வந்தது.

சித்திரையில் ஒரு நாள், உச்சி வெயிலில், அப்பா வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். வண்டி நிறைய வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கேப்பை. வைக்கோல் மேல் தங்கை உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் பிள்ளை. விழுப்புரத்துச் சாலை நெடுகத் தூசி தின்று, முகமெல்லாம் செம்மண்ணாக இருந்தாள். அப்பா மூட்டையைத் தொடவில்லை. முதலில் வைக்கோலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். "மாட்டுக்குமா கொண்டாந்த?" என்றார். அந்தப் பிடியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏரியில் இறங்கிக் குளித்துப் பழகிவிட்டவள், இத்தனை வருஷமாகத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காத ஊரில் வாழ்ந்தவள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வாடிக் கிடந்த கத்திரிச் செடியின் வேரில் குனிந்து கொப்புளித்தாள்.

எத்தனையோ ஊர்களை நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் செடியின் முன்னால் எனக்கு வந்த பெருமை வேறு எந்த ஊரிலும் வந்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். "இன்னாக்கா, இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றாள் அவள், வாயைத் துடைத்துக்கொண்டு.